நான் சொன்னதும் உன் அம்மா சொன்னதும்

தம்பி,

உன் அம்மா இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது. "உன் மகன்கிட்ட சொல்லு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நான் ஷிப்டுக்குக் கிளம்பியிருப்பேன், மிச்சத்தை அவள் பார்த்திருப்பாள். அவள் போய் வருஷம் திரும்பப் போகிறது. இங்கு நான் நலம் என்று எழுதினால் அது பொய். அங்கு உன் நலம் அறிய அவா என்று எழுதினால் அது உண்மை. ஆகவே பாதிக் கடிதமாவது வழக்கப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள். பக்கத்து ரூம் சுடலைமுத்து, "என்ன அண்ணாச்சி எழுதுதிய, செம்பூருக்குத்தானே, குடுங்க, நானே கொண்டு குடுத்துட்டு வாரேன்" என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டான். அவனிடம் நான் ஒருமுறை சொல்லியனுப்பியதே நம் இருவருக்கும் ஆயுசுக்கும் போதும். இதை நானே தபால்பெட்டியில் போடுகிறேன்.

ஐப்பசியில் உனக்குக் கல்யாணம் என்று உன் மாமா வந்து சொல்லிவிட்டுப் போனார். அதற்கு முன்னால் நீ என்னிடமிருந்து நேராகக் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைக் கேட்காமல் நீ மணையில் உட்கார்ந்தால், சுடலைமுத்து கொண்டுவந்து கொடுத்த வார்த்தைதான் நான் உனக்குச் சொன்ன கடைசி வார்த்தையாக நின்றுவிடும். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. இத்தனைக்கும் இப்போது சுமாராகச் சமைக்கக் கற்றுக்கொண்டேன்.

நம் வீட்டில் அப்பனும் மகனும் நேருக்கு நேர் பேசியதில்லை. இதை நான் கண்டுபிடிக்கவில்லை, எனக்கும் இப்படித்தான் வந்தது. என் அப்பா என்னிடம் நேராகப் பேசிய வார்த்தைகளை விரல் விட்டு எண்ணலாம், அதிலும் பாதி "நகரு" என்பதாக இருக்கும். மற்றதெல்லாம் என் அம்மா வழியாகத்தான் வரும். அவள் எதையும் மாற்ற மாட்டாள். அவர் "கழுத" என்று சொன்னால் அவளும் "கழுத" என்றே சொல்லுவாள், அவர் சொன்ன அதே அழுத்தத்தோடு. நான் பம்பாய்க்கு ரயிலேறி, ரயில்பெட்டி ஒர்க் ஷாப்பில் பிட்டர் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் கட்டி, தாராவியில் இந்த ஒற்றை ரூமைப் பிடித்த பிறகும் அந்த முறை என்னோடேயே வந்துவிட்டது. நீ உள்ளே வந்தால் நான் சட்டையை மாட்டிக்கொண்டு சந்து முனைக்குப் போய்விடுவேன். ரூம் சின்னது, கௌரவம் பெரியது, இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளே கொள்ளாது.

உன் பெயர் வேறு சேர்ந்துகொண்டது. வழக்கப்படி என் அப்பா பெயரை உனக்கு வைத்தோம். வைத்தோமே ஒழிய கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. மாமனார் பெயரை உன் அம்மா எப்படிச் சொல்லுவாள்? திருச்செந்தூரில் அந்தப் பெயரில் ஒரு சாமியே இருக்கிறார், அவரைக்கூட அவள் "மாமா பேர் சாமி" என்றுதான் கும்பிட்டாள். எனக்கு வேறு சங்கடம். பெற்ற தகப்பன் பெயரை வைத்துக்கொண்டு பிள்ளையை ஏச முடியுமா? உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வாத்தியார் அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டார். நான் விறைத்து எழுந்து நின்றுவிட்டேன். நீ உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாய். அதனால் அவளுக்கு நீ "எய்யா", ஊருக்குத் தம்பி, எனக்கு "உன் மகன்". இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட உன் பெயர் என் வாயில் வந்ததில்லை.

போன வருஷம் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று உனக்கு நினைவிருக்கிறதா? சயானில் தண்டவாளம் முங்கி லோக்கல் எல்லாம் நின்றுபோன நாள். சந்தில் முழங்கால் தண்ணீர். நீ வீட்டில் இருக்கிறாய், எனக்கு வெளியே போக வழியில்லை. கட்டிலில் படுத்துப் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவதாகப் பேர் பண்ணினேன். முந்தின நாள்தான் உன் அம்மாவிடம், "அவன் அந்த கம்ப்யூட்டர் மெஷின்ல என்னதான் பண்ணுதான்னு கேளு, ஒர்க் ஷாப்ல கேக்காங்க, பதில் சொல்ல முடியல" என்று சொல்லியிருந்தேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள். தனக்கே தெரிந்துகொள்ள ஆசை என்பதுபோலக் கேட்டாள்.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்திக்கொள். நார்வே நாட்டில் மெஷினுக்கென்று ஒரு புது மொழி உண்டாக்கியிருக்கிறார்கள், அதைப் பற்றிய காகிதங்கள் உன் பெரிய ஆபீசர் கைக்கு வந்திருக்கின்றன, இங்கே உள்ள மெஷினில் அது இன்னும் ஓடாது, நீங்கள் காகிதத்திலேயே எழுதி எழுதிப் பார்க்கிறீர்கள் என்றாய். ஓடாத ஒன்றை எழுதுவதற்குச் சம்பளமா என்று பேப்பருக்கு அடியில் நான் நினைத்துக்கொண்டேன். அதற்குள் நீ ரயில் கதைக்கு வந்துவிட்டாய்.

"எம்மா, முதல்ல வண்டின்னு ஒண்ணு எழுதிக்கிடுதோம். சக்கரம், கதவு, மணி, மோட்டார்மேன் எல்லாம் அதுல இருக்கு. ஸ்டேஷன் வந்தா நிக்கணும், ஆள ஏத்தணும், கிளம்பணும்னும் எழுதியிருக்கு. இப்ப பாஸ்ட் வண்டி ஒண்ணு வேணும். அதுக்காக மறுபடி முதல்லேருந்து எழுத வேண்டாம். 'இதுவும் ஒரு வண்டி'ன்னு சொன்னாப் போதும், அத்தனையும் அதுக்கு வந்துரும். ஸ்டேஷன் வந்தா என்ன செய்யணும்கிறத மட்டும் நாம புதுசா எழுதுவோம். தாதர்ல நில்லு, மாட்டுங்கால நிக்காத, சயான்ல நிக்காத, குர்லால நில்லு."

"மேல உக்காந்து ஓட்டச் சொல்லுதவன் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாச் சொல்லணுமோ?" என்று கேட்டாள் அவள்.

"அவன் எல்லா வண்டிக்கும் ஒரே வார்த்ததான் சொல்லுவான், ஸ்டேஷன் வந்துட்டுன்னு. அது ஸ்லோவா பாஸ்டான்னு அவன் பாக்க வேண்டாம். அது அது தன் வழியில செஞ்சுக்கிடும். நாம எழுதினதால பழைய வண்டி மாறிராது, அது பாட்டுக்கு அப்படியே இருக்கும்."

"புதுசா எழுதாம விட்டுட்டா?"

"விட்டுட்டா அப்பன் வண்டி செய்ததையே புள்ள வண்டியும் செய்யும். யாரும் சொல்லிக் குடுக்க வேண்டாம்."

உன் அம்மா அப்போது சிரித்தாள். தோசைத் திருப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "அப்போ சொல்லுதவருக்கு ஒண்ணும் தெரியாது, தான் சொன்னபடியே நடக்குதுன்னு நினைச்சுக்கிட்டு இருப்பாரு" என்று சொல்லி என் கட்டில் பக்கம் பார்த்துச் சிரித்தாள். பேப்பர் ஓரத்தில் நான் பார்த்தேன். நான் விழித்துக்கொண்டே தூங்குகிறேன் என்று கண்டுபிடித்துச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் புரிய எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

நீ சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது. எங்கள் ஒர்க் ஷாப்பில் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்கு ஒரு மூல வரைபடம் உண்டு. பெண்கள் பெட்டி செய்ய வேண்டுமென்றால் புதிதாக முழுப் படமும் போட மாட்டார்கள். மாறுகிற கம்பியையும் கதவையும் மட்டும் போட்டுவிட்டு, மற்றவை மூலப் படத்தின்படி என்று ஓரத்தில் ஒரு வரி எழுதிவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குள் அடிச்சட்டம், அச்சு, பிரேக் எல்லாம் அடங்கிவிடும். மூலத்தில் ஒரு துளை தள்ளிப் போயிருந்தால் அந்தத் தப்பும் அடங்கிவிடும். எங்கள் ஆட்கள் அடிக்கடி ஏமாறுகிற இடம் அதுதான். படத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றத்தைக் கவனமாகச் செய்துவிட்டு, தெரியாமல் கூட வந்ததை மறந்துவிடுவார்கள். அன்று எழுந்து உட்கார்ந்து, இதுதானே நீ சொல்லுவது என்று உன்னிடம் கேட்க ஆசையாக இருந்தது. கேட்கவில்லை. மறுநாள் உன் அம்மாவிடம், "பரவாயில்ல, உன் மகனுக்கு மூளை இருக்கு" என்றேன். அதையாவது அவள் அப்படியே சொன்னாளா, அல்லது அதிலும் ஏதாவது சேர்த்தாளா என்று தெரியவில்லை.

அந்த ஆவணியிலேயே காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம், நாம் இருவரும் பக்கத்தில்தான் இருந்தோம். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகுதான் வீட்டில் என்ன ஆகிவிட்டது என்று தெரிந்தது. இரண்டு ஆண்கள், நடுவில் ஆள் இல்லை. மெஷின் பகலில் பெரியவர்களுக்கு, ராத்திரியில் உங்களைப் போன்ற சின்னவர்களுக்கு என்று உனக்கு நைட் ஷிப்ட் வந்தது நமக்கு ஒருவகையில் சௌகரியமாகப் போயிற்று. நான் காலையில் போகும்போது நீ வருவாய். சந்தில் எதிரெதிரே பட்டால் ஒருவருக்கொருவர் வழி விட்டுக்கொள்வோம். நீ சாப்பிட்டாயா என்று கேட்க நினைத்து, கேட்காமல், தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்வேன். என்ன பிழைப்பு அது என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது.

பங்குனியில் ஒரு சாயங்காலம் சுடலைமுத்து வந்தான். உன் ஆபீசில் கார்டு துளைக்கிற வேலை பார்க்கும் கோவண்டிப் பெண் கோமதி என்று ஒருத்தி இருக்கிறாள், நம்மவர்கள்தான், அவளைக் கட்டிக்கொள்ள உனக்கு விருப்பம், அப்பா வந்து பெண் பார்ப்பாரா என்று தம்பி கேட்கச் சொன்னான் என்றான். எனக்கு முதலில் ஏறிய கோபம் அந்தப் பெண்மேல் இல்லை, கல்யாணத்தின்மேலும் இல்லை. உன் அம்மா கொண்டுவந்து சொல்ல வேண்டிய செய்தியை ஊரான் ஒருத்தன் பீடியை அணைத்துவிட்டு வந்து வாசலில் நின்று சொல்கிறானே என்றுதான். "அம்மா செத்து வருஷம் திரும்பல, அதுக்குள்ள தொரைக்குக் கல்யாணம் கேக்குதோ? அவன் இஷ்டத்துக்குக் கட்டிக்கிடட்டும், என்னய எதுக்குக் கூப்பிடுதான்" என்று சொல்லியனுப்பினேன். சுடலைமுத்து கோட்டைப் பகுதியில் ஓர் ஆபீசில் பியூனாக இருக்கிறான் என்று உனக்குத் தெரியும். கொடுத்ததைக் கொடுத்தபடி சேர்ப்பதில் அவனுக்கு ஒரு பெருமை. ஒரு எழுத்துக்கூடச் சிந்தாமல் உன்னிடம் கொண்டு சேர்த்திருக்கிறான், 'தொரை' என்பதை நான் இழுத்த இழுப்பு உட்பட. மறுநாள் நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது உன் டிரங்குப் பெட்டி இல்லை. உன் தட்டு மட்டும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

நீ செம்பூரில் மாமா வீட்டில் இருக்கிறாய் என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதியும் கோபமும் சேர்ந்தே வந்தன. நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன், எப்போதும் சொல்லுவதுதானே, இந்த வயதில் இவனுக்கு என்ன ரோஷம் என்று சுடலைமுத்துவிடமே புலம்பினேன். அவன் "அதானே அண்ணாச்சி" என்றான். பாவம், வேறென்ன சொல்லுவான். இப்படியே நாள் போயிற்று. சந்திரனுக்கு ஆள் போய்க் கால் வைத்துத் திரும்பியும் விட்டான், தாராவியிலிருந்து செம்பூருக்கு என்னால் போக முடியவில்லை.

அந்த வாரம்தான் உன் மாமா வந்தார். காபியைக் குடித்துவிட்டு, கல்யாணம் ஐப்பசியில் என்றும், திதியை முடித்துவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பிறகு தயங்கி, "தம்பி ரொம்ப மனசொடிஞ்சு கிடக்கான் அத்தான். 'அம்மா இருந்தவரைக்கும் அப்பா என்னய ஒரு கடுஞ்சொல் சொன்னதில்ல மாமா, அம்மா போனதும் அப்பா வேற ஆளாயிட்டாவ'ன்னு சொல்லி அழுதான்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் எங்கே மாறினேன்? நீ பிறந்த நாள் முதல் நான் இப்படித்தானே பேசிக்கொண்டிருக்கிறேன்? அதையே அவரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "தான் காலேஜ்ல சேரும்போது அப்பா என்ன சொன்னாவன்னு அவன் சொல்லுதான் தெரியுமா? 'நீ மனசு போல படி, உங்கப்பா பாத்துக்கிடுதேன்னு சொல்லிட்டாவ'ன்னு அக்கா வந்து சொன்னாளாம். அதச் சொல்லிச் சொல்லி அழுதான்" என்றார். காலேஜ் விஷயத்தில் நான் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறானாம், சேந்து தொலையட்டும்" என்றேன். இன்னொன்றும் உன் மாமா சொன்னார். உனக்கு வேலை கிடைத்தபோது, நாங்கள் இரும்பில் போடுகிற ஓட்டையை என் மகன் அட்டையில் போடுகிறான், கெட்டிக்காரன் என்று நான் பெருமையாகச் சொன்னேனாம். நான் சொன்னது, "அட்டையில ஓட்ட போடுததெல்லாம் ஒரு வேலையாட்டி?" என்பது.

மாமாவை அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். முதலில் உன் அம்மாமேல் கோபம் வந்தது. கட்டின புருஷன் வார்த்தையை இப்படியா கிள்ளுக்கீரையாக எடுத்துப்போட்டுவிட்டுத் தன் வார்த்தையை வைப்பாள்? இருபத்தைந்து வருஷமாக நான் யாருடைய வாயில் பேசிக்கொண்டிருந்தேன்? அந்த ஆடி மாதத்துச் சிரிப்பு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் மேலே உட்கார்ந்து "ஸ்டேஷன் வந்துட்டு" என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். என் அம்மா பார்த்த அதே வேலைக்குத்தான் உன் அம்மாவும் இந்த வீட்டில் வந்து நின்றாள். "அவன்கிட்ட சொல்லு" என்று அவளைக் கூப்பிடுகிற வார்த்தையும் அதேதான். சொல்லுகிற விதத்தை மட்டும் அவள் தனக்கென்று மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை, தெரிய வேண்டிய அவசியமும் இல்லாமல் பார்த்துக்கொண்டாள். அவள் போனாள், அவள் எழுதினதும் போயிற்று, அடியில் கிடந்த என் அப்பா காலத்து மூலம் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. நீ சொன்னாயே, பழையது மாறிவிடாது, அது பாட்டுக்கு அப்படியே இருக்கும் என்று. அப்படியேதான் இருந்திருக்கிறது. நான் வேறு ஆளாகவில்லை தம்பி. நான் யார் என்று உனக்கு இப்போதுதான் தெரிகிறது.

கொஞ்ச நேரம் போன பிறகு கோபம் தணிந்து இன்னொன்று தோன்றியது. அவள் பொய் சொன்னாளா என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். "சேந்து தொலையட்டும்" என்று சொன்ன மறுநாள் லீவு போட்டுவிட்டு, மாட்டுங்காவில் உன் காலேஜ் வாசலில் விண்ணப்பத்துக்காக வரிசையில் நின்றவன் நான்தான். ஒரு மழையில் நீ வீடு வராமல் இருந்த அன்று, "எங்க போய்க் கிடக்கானோ, வந்தா கதவத் தெறக்காத" என்று கத்திவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு சயான் ஸ்டேஷன்வரை போனவனும் நான்தான். அப்பா உன்னைத் தேடி ஸ்டேஷன்வரை வந்துவிட்டுப் போனார் என்று மட்டும் அவள் உன்னிடம் சொல்லியிருப்பாள். என் வாய் சொன்னதை விட்டுவிட்டு, என் கால் செய்ததைக் கொண்டுவந்து உன்னிடம் கொடுத்திருக்கிறாள். என்னை இவ்வளவு உன்னிப்பாக வேறு யாரும் பார்த்ததில்லை. அன்று நான் வாய்விட்டு அழுதேன். சுவருக்கு அந்தப் பக்கம் சுடலைமுத்து ரேடியோவைக் கூட்டி வைத்தான். அந்த நாகரிகம் அவனுக்கு இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

உன் பக்கத்திலிருந்து எனக்கு வந்தவற்றையும் நினைத்துப் பார்த்தேன். என் முழங்கால் வலிக்கு நீ எண்ணெய் வாங்கி வரட்டுமா என்று கேட்டாயாம். ஒர்க் ஷாப்பில் எனக்குச் சார்ஜ்மேன் பிரமோஷன் கிடைக்காமல் போனபோது, அப்பாவைப் போல வேலை தெரிந்தவர் அங்கே யார் என்று சொன்னாயாம். இதையெல்லாம் நீ சொன்னாயா, அவள் சொன்னாளா? வேண்டாம், எழுதாதே. நான் அதையெல்லாம் நீ சொன்னதாகவே வைத்துக்கொள்கிறேன்.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். உன் மாமா போகும்போது ஒரு நல்ல செய்தி என்று சொல்லிவிட்டுப் போனார். கோமதி ரொம்பத் தங்கமான பெண்ணாம், "கல்யாணம் ஆகட்டும், அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் பேசிச் சரிபண்ணிக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறாளாம். எல்லோருக்கும் அதில் சந்தோஷம். எனக்கும் அரை நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது, அப்பாடா, மறுபடி ஆள் வந்துவிட்டது என்று. பிறகு உன் அம்மாவை நினைத்துக்கொண்டேன். இரண்டு ஆண்களுக்கு நடுவில் அடுப்படியில் நின்றுகொண்டு, இவன் சொன்னதில் எதை எடுப்பது, அவனிடம் எதைச் சேர்ப்பது என்று பொழுதெல்லாம் யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அதில் அவளுக்கென்று நம்மிடம் சொல்ல ஏதாவது இருந்ததா என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. காய்ச்சல் வருவதற்கு முன்பே அவளுக்கு உடம்பு முடியாமல் இருந்திருக்கும் என்று உன் மாமா நினைக்கிறார். அதை மட்டும் அவள் யாரிடமும் கொண்டுவந்து சேர்க்கவில்லை. அந்தப் பெண்ணை அந்த இடத்தில் நிறுத்தாதே. என்னிடம் சொல்ல வேண்டியதை நீயே வந்து சொல்லு, திட்ட வேண்டுமென்றாலும் நீயே வந்து திட்டு.

உன் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்பதையும் நீயே எழுத வேண்டும். பேசக் கூடாது என்று நான் உனக்குச் சொல்லித் தந்ததில்லை, ஆனாலும் அது உனக்கு வந்துவிட்டது. இல்லாவிட்டால் பெண் பார்க்கக் கூப்பிட நீ ஏன் சுடலைமுத்துவைத் தேடிப் போகிறாய்? ஒரே ரூமில் இருந்தோம். இதைப் படித்ததும் உனக்குச் சுருக்கென்று இருக்கும், இருக்கட்டும். நீ புதிதாக எழுதாமல் விட்டது எதுவோ அது என்னிடமிருந்து தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும், யாரும் சொல்லித்தர வேண்டாம். எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. வேலை முடிந்ததும் கருவியைத் துடைத்து வைப்பது என் அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது, அது உன்னிடமும் இருக்கிறது, நீ கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போன தட்டைப் பார்த்தபோது அந்தக் கோபத்திலும் அதைக் கவனித்தேன். அது இருக்கட்டும். பேச்சை மட்டும் உன் அம்மாவிடமிருந்து எடுத்துக்கொள்.

நான் இந்த வயதில் மாறுவேனா என்று எனக்குத் தெரியாது. மூலம் பழகிப்போய்விட்டது. ஒன்று மட்டும் செய்து பார்க்கிறேன். அன்று சுடலைமுத்து உன்னிடம் வந்து நின்ற இடத்தில் உன் அம்மா வந்து நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தேன். நான் என்ன செய்தேன் என்பதைப் பார்த்திருப்பாள், அதைச் சொல்லியிருப்பாள். அப்படி ஏசி அனுப்பிவிட்டு நான் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. அதனால் நானே சொல்லுகிறேன். பெட்டியைத் திறந்து அவளுடைய கூறைப்புடவையை எடுத்து உதறினேன். வெளிச்சத்தில் பிடித்து எங்காவது கிழிந்திருக்கிறதா என்று பார்த்தேன், கோவண்டிப் பெண்ணுக்கு இதைக் கொடுத்தால் கட்டிக்கொள்வாளா என்று நினைத்தேன். பிறகு, மணைக்குப் பக்கத்தில் அவள் இல்லாமல் நான் ஒற்றையாளாக எப்படி நிற்பேன் என்று பயம் வந்துவிட்டது. அவ்வளவுதான் தம்பி. நான் கோபப்படவில்லை, பயந்தேன்.

புடவை நன்றாகத்தான் இருக்கிறது, கரையில் ஓர் இடத்தில் மட்டும் நூல் விட்டிருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு வருகிறேன். சயானில் ஏறி, குர்லாவில் மாறி, செம்பூரில் இறங்குவேன். உன் மாமாவிடமோ அத்தையிடமோ எதுவும் சொல்லி அனுப்பாதே, அவர்கள் வந்து கதவைத் திறக்கவும் வேண்டாம். நான் வாசலில் நின்று உன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடப் போகிறேன். இரண்டு நாளாக ரூமில் தனியாக உட்கார்ந்து சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், சுடலைமுத்து எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்கிறான். அன்று வாய் அடைத்துக்கொண்டாலும் இங்கே எழுதியாவது இருக்கட்டும்.

சண்முகம், அப்பா வந்திருக்கேன். கதவைத் திற.